சலவைக்காரிக்கு மூச்சிரைப்பதில்லை

அன்பிற்கும் பெருமைக்கும் உரிய மகளுக்கு உன் அன்னை வரைவது. இங்கு நானும் உன் தந்தையாரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். நீ வரைந்து அனுப்பிய அசைவூட்டப் படத்துண்டு கிடைத்தும் பதில் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். அறுவைக்குப் பின் போட்ட உன் தந்தையாரின் கண் கட்டு அவிழ்ந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம் என்று காத்திருந்தேன். இப்போது அவருக்குப் பார்வை தெளிவாகிவிட்டது. என் சமையலறை அலமாரியில் குறை கண்டுபிடிக்கவும் தொடங்கிவிட்டார்.

உன் சலவைக்காரியைக் கண்டோம். அரண்மனையின் அழுக்குத் துணி மூட்டைக்குள் தவறி விழுந்த மந்திர வாளை அவள் உதறி எடுக்க, நாடே அவளை வீராங்கனை என்று நம்பிவிடும் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கறுத்த நிறம், பருத்த உடல், கட்டைக் குரல், இடுப்பில் செருகிய ஈரத்துண்டு. உன் தந்தையார் பார்த்த மாத்திரத்தில், "இவளை எனக்குத் தெரியுமே, இவகிட்டதானே இத்தனை வருஷமா திட்டு வாங்கிட்டிருக்கேன்" என்றார். என்னைத்தான் வரைந்திருக்கிறாய் என்பதை நீ எழுதாமலே அறிந்துகொண்டோம். எனக்கு வருத்தமா என்று கேட்டிருந்தாய். கதாநாயகிகள் யாவரும் கொடியிடையும் குயில் குரலுமாக வாழ்ந்த காலத்தில் அரக்கிக்கும் கழுதைக்கும் கொடுமைக்கார மாமியாருக்கும் குரல் கொடுத்தவள் நான். என் உடம்புக்கு ஒரு கதையின் நடுவில் இடம் கிடைத்திருக்கிறது; வருத்தம் எங்கிருந்து வரும்?

ஆயினும் உன் கடிதத்தின் இறுதிப் பகுதி என்னை உறங்கவிடவில்லை. அவள் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் மூச்சிரைப்புச் சத்தம் சேர்க்குமாறு இயக்குநர் சொன்னதாகவும், நீ வாய் திறவாமல் வந்துவிட்டதாகவும், வரும் கூட்டத்தில் மறுத்தால் அடுத்த படத்தில் உனக்கு இடமிராது என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தாய். உனக்குப் பழைய ஒலிப்பதிவுக்கூடம் நினைவிருக்கிறதா? ஒலிவாங்கியின் அடியில் கம்பளத்தில் கவிழ்ந்து படுத்து, உடைந்த வண்ணக்குச்சிகளால் வரைந்துகொண்டிருப்பாய். குளிருக்கு என் மேல்துண்டைப் போர்த்தியிருப்பாய். காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பதால் நாம் பஞ்சு சார் என்றழைத்த ஒலிப்பதிவாளர், அரியணையில் அமர்ந்திருக்கும் பருத்த ராணி ஒருத்திக்கு மூச்சு வாங்கச் சொன்னார். உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு என்று கேட்டேன். "குண்டா இருக்காங்கல்லம்மா, ஜனங்க சிரிக்கணும்ல" என்றார். வாங்கினேன், நன்றாகவே வாங்கினேன். கண்ணாடிக்கு அப்பால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேருந்தில் திரும்பும்போது நீ, "நீ வீட்ல இப்படி மூச்சு வாங்கவே மாட்டியேம்மா" என்றாய். உன்னை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தேன். அந்தக் கூடம் இன்று மருந்துக் கிடங்காகிவிட்டது. அவ்வழியே போகும்போதெல்லாம் அந்தக் கம்பளத்தின் மக்கிய மணம் எனக்கு எங்கிருந்தோ வருகிறது.

எங்கள் தொழிலில் குரல் கொடுக்கும் முன்பாக ஒலியை அடைத்துவிட்டு ஒரு முறை படத்தைப் பார்ப்போம். சிரிப்பு எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். உன் படத்தையும் அவ்வாறே பார்த்தோம்; மாடிவீட்டுத் தையற்காரியும் வந்திருந்தாள். பறக்கும் நாகத்தின் வாலைச் சலவைக்காரி போர்வை பிழிவதுபோல் முறுக்கியபோது சிரித்தோம். வீர உரை ஆற்றும் மன்னரின் அங்கியில் கறை கண்டு, உரை முடியும் முன்பே அதைக் கழற்ற முயன்றபோது உன் தந்தையாருக்குக் கண்ணில் நீர் வந்து, மருத்துவர் திட்டுவாரே என்று நான் பயந்தேன். அவள் நடந்தபோது எவரும் சிரிக்கவில்லை. தையற்காரி மட்டும், "நடை கம்பீரமா இருக்குக்கா" என்றாள்.

ஆகவே இயக்குநரிடம் வாதாட வேண்டாம் கண்ணு. ஒலியில்லாமல் ஒரு முறை போட்டுக் காட்டு. இடம் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அவள் என் உடம்பில் நடக்கிறாள். எனவே எனக்கும் அதில் ஒரு வார்த்தை உண்டு. நேற்று ஈரத்துணிக் கூடையைச் சுமந்து நம் மாடிப்படி ஏறினேன். உன் தந்தையார் கைபேசியில் பதிவு செய்தபடி பின்னால் வந்தார். அதை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் போட்டுக் காட்டு. கூடை கிறீச்சிடும், என் பாட்டு கேட்கும், நான் பக்கத்து வீட்டாரின் கொடிக்கயிற்றைக் குறை சொல்வதும் கேட்கும். இடையே கேட்கும் மூச்சிரைப்பு என்னுடையதன்று, அந்த ஒல்லி மனிதருடையது. "கொஞ்சம் மெதுவா போயேன்டி" என்பதும் அவரே.

வேளைக்கு உண், திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ எங்கள் ஆசிகள். பதிவு வந்து சேர்ந்ததா என்றும், கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்றும் உடனே பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உன் அன்னை