தூண்டில் பிடிக்கத் தெரியாதவங்க வரலாம்

நவ. 10, திங்கள்

காலைல ஒரே பனி. மத்திகிரி ஸ்டாப்புல எதிர்ல நிக்கற ஆளே தெரியல. பஸ் லேட். சுவெட்டர் எடுக்காம போனது என் புத்தி.

கம்பெனி கேன்டீன் போர்டுல நோட்டீஸ் ஒட்டியாச்சு. எச்.ஆர். மேடம் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க. "மீன் பிடிக்கவா? நெஜமாவா?" நெஜமாத்தான் மேடம்.

நான் எழுதினது இவ்வளவுதான்: "வர்ற ஞாயிறு குட்டைல மீன் பிடிக்கப் போறோம். தூண்டில் பிடிக்கத் தெரியாதவங்க வரலாம். தெரிஞ்சவங்களும் வரலாம். கீழ பேர் எழுதவும். ஜெசிந்தா, ஸ்டோர்ஸ்."

முதல் பேர் யாருதுன்னு பாத்தா குவாலிட்டி நாகராஜ் சார்! ஆனேக்கல்லேர்ந்து வர்றவர், யார்கிட்டயும் சிரிச்சுப் பேச மாட்டார். ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கே வந்துட்டார். "ஜெசிந்தா, ட்ரவுட் சிக்குமா?" யாரோ வெளிநாட்டுக்காரன் ஆத்துக்குள்ள நின்னு பிடிக்கற வீடியோ பாத்திருக்கார்.

"சார், அது ஊட்டிப் பக்கம், ஐஸ் மாதிரி தண்ணில இருக்கற மீனு. நமக்கு ஜிலேபி, ரோகு, கட்லாதான்."

முகம் விழுந்துபோச்சு. "அப்போ அந்த ரப்பர் பேன்ட் வேணாமா?" வேணாம் சார். "தொப்பி?" தொப்பி போட்டுக்கலாம் சார். அதுல கொஞ்சம் சமாதானம்.

சாயந்தரம் வரைக்கும் ஆறு பேர். ஆறு!

டேவிட் கேக்கறார், "இருக்கற ஒரு ஞாயித்துக்கெழமைய ஏன் ஊருக்கு நேந்து விடற?" இவருக்கு மீன் வாசனையே ஆகாது, கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து. ஆனா எனக்குத் தூண்டில் முள்ளு கட்டித் தர்றது இவருதான். ஸ்கூட்டில குச்சிய வெச்சுக்கிட்டு நான் தனியா போறத பாத்து, "எனக்கும் கத்துக் குடேன்"னு கேட்டவங்க எத்தனை பேர். எல்லாரையும் ஒரே நாள்ல கூட்டிட்டுப் போயிட்டா என்னன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

நவ. 11, செவ்வாய்

வெயில். பதினாலு பேர்.

பதினொண்ணாவது பேர் கனகா.

யாரோ எழுதிக் குடுத்ததில்ல. அவ கையெழுத்து எனக்குத் தெரியும், 'க' மேல வளைவா தொப்பி போட்ட மாதிரி இருக்கும். போர்டுக்கு முன்னாடி டீ ஆறிப்போற வரைக்கும் நின்னேன்.

இத எங்கயும் எழுதினதில்ல. இப்ப எழுதிடறேன். கனகா அசெம்ப்ளி செக்ஷன்ல இருக்கா. அருப்புக்கோட்டைக்காரி. நாலு வருஷமா ஒரே டேபிள்ல சாப்பிட்டோம். மே மாசம் அவளுக்கு ஏழு மாசத்துல குழந்தை வயித்துலயே போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவ கையப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னது: "விடு கனகா. சின்ன வயசுதான, அடுத்தது வந்துடும்." கைய உருவிக்கிட்டா. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவதான். வேலைக்குத் திரும்பி வந்தும் என்கூடப் பேசல. ஆறு மாசம். ஸ்டோர்ஸுக்குச் சாமான் வாங்கக்கூட வேற ஆள அனுப்பறா.

எத்தனை தடவை அந்த வார்த்தைய மனசுக்குள்ள திருப்பி எடுத்திருப்பேன். வாய்லேர்ந்து போனது போனதுதான்.

இப்ப அவ பேர் என் லிஸ்ட்ல.

வீட்டுக்கு: பால், கொத்தமல்லி, டேவிட் சட்டை பட்டன்.

நவ. 12, புதன்

இன்னிக்கு ஸ்கூட்டி. ஷிப்ட் முடிஞ்சு நேரா நான் எப்பவும் மீன் பிடிக்கற முனிரத்னம்மா தோட்டம். ரோஜா பந்தல் ரெண்டு, அதுக்குப் பின்னாடி பெரிய குட்டை. மூணு வருஷம் முன்னாடி மீன் விட்டது. இப்பல்லாம் வெளி ஆள யாரையும் விடறதில்ல, என்னை மட்டும் ஒரு ஓரமா உக்கார விடுவாங்க.

"எந்தமந்தி ஒஸ்தாரு?" எத்தனை பேர்னு கேக்கறாங்க.

என் தெலுங்குல எண்ணிக்கை இருபதுக்கு மேல போகாது. பத்து விரலையும் ரெண்டு தடவை விரிச்சு, மேல ரெண்டு காட்டினேன். கண்ணு பெருசாயிடுச்சு. அப்புறம் தமிழுக்கு வந்துட்டாங்க: "ஏம்மா, முன்ன ஒரு தடவ ஒருத்தரு பிரண்ட்ஸுன்னு கூட்டிட்டு வந்தாரு. பாட்டிலெல்லாம் என் ரோஜாக்குள்ள கெடந்துச்சு. நான்தான் பொறுக்கினேன்."

"அக்கா, பாதி பேர் பொம்பளைங்க. பாட்டில் வந்தா நானே திருப்பி அனுப்பிடறன்."

கடைசில "சரி" ஒண்ணு. தலைகால் புரியாத சந்தோஷம்.

அக்கா சொன்னது:
– வலை கூடாது
– உள்ளங்கைய விடச் சின்ன மீனை விட்டுடணும்
– தெக்குக் கரை ஆழம், அங்க யாரும் போகக் கூடாது (கயிறு கட்டணும். கயிறு வாங்கணும்!)
– ரோஜா பறிக்கக் கூடாது. ஒண்ணுகூட.

வர்ற வழியில ஸ்கூட்டில சத்தமா பாடிக்கிட்டே வந்தேன். சிக்னல்ல பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பாத்தார்.

நவ. 13, வியாழன்

மூங்கில் குச்சி இருபத்திரண்டு. டேவிட் நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்காம உக்காந்து நைலான் நரம்பு கட்டறார். முள்ளு, நாலு விரல் மேல வெயிட்டுக்குச் சின்ன நட்டு, ஒரு ஜான் மேல மிதக்கறதுக்குத் தக்கை. தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்ப வட்டமா வெட்டியாச்சு. நட்டு ஹார்டுவேர் கடைல வாங்கினது. "உங்க ஸ்டோர்ஸ்லதான் மூட்டை மூட்டையா இருக்கே?" இருக்கும். கம்பெனிச் சாமான், அதுக்குத்தான் அதத் தொடாம இருக்கேன்.

ஒவ்வொரு குச்சிலயும் மார்க்கர்ல பேர். கனகா பேர நானே எழுதினேன்.

சாயந்தரம் பார்க்கிங்ல ஒத்திகை, முள்ளு இல்லாம. எப்படி வீசறது, எப்படிச் சுண்டி இழுக்கறது. நாகராஜ் சார் வீசின வீச்சுல நட்டு திரும்பி வந்து அவர் ஹெல்மெட்லயே 'டங்'. எல்லாரும் மூச்சப் பிடிச்சு நின்னோம், சிரிக்கலாமா வேணாமான்னு. அவரே சிரிச்சுட்டார். ஏழு வருஷத்துல அந்தச் சிரிப்ப முதல் தடவை கேக்கறேன்.

கனகா ஒத்திகைக்கு வரல.

நவ. 14, வெள்ளி

மத்தியானத்துலேர்ந்து மழை. ஷெட்டு மேல கொட்டற சத்தத்துல ஒண்ணும் காதுல விழல. ஞாயித்துக்கெழமையும் இப்படியே கொட்டினா?

அதவிடப் பெரிய இடி. லிஸ்ட்ல கனகா பேர் மேல கோடு. ஸ்கேல் வெச்சு அடிச்ச மாதிரி நேர்கோடு.

கேன்டீன் அக்காதான் விஷயத்தச் சொன்னாங்க. காலைல போர்டு பக்கத்துல ரெண்டு பேர் பேசியிருக்காங்க. "கனகாவும் வர்றாளா? நல்லது, பாவம், கொஞ்சம் மனசு மாறட்டும்." பின்னாடி க்யூல அவளே நின்னுட்டு இருந்திருக்கா.

அவங்க கெட்டதா ஒண்ணும் சொல்லல. நானும் அன்னிக்குக் கெட்டதா சொல்லலையே.

போகலாமா வேணாமான்னு ரெண்டு மணி நேரம். நாலு மணிக்கு அசெம்ப்ளிக்குப் போயே போயிட்டேன். கனகா ஸ்குரூ டிரைவர நிறுத்தல, தலை தூக்கல.

"உன் பேர்ல ஒரு தூண்டில் கட்டி வெச்சிருக்கறன். வந்தா எடுத்துக்கோ. வராட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

திரும்பி வந்துட்டேன். வேற ஏதாவது சொல்லியிருந்தா மறுபடி தப்பாத்தான் சொல்லியிருப்பேன்.

நவ. 15, சனி

மழை விட்டுச்சு! ஸ்தோத்திரம்.

சர்ச்சுல சாயந்தரப் பூசைக்கே போயிட்டேன், நாளைக்குக் காலைல முடியாது. சாமியார் பிரசங்கம் நீளம். எனக்கு மனசெல்லாம் புழு. மழை பெஞ்ச மண்ணுல தோண்டத் தோண்ட வரும், இருட்டறதுக்குள்ள போகணுமேன்னு.

புழு ரெண்டு டப்பா நிறைய. தொட மாட்டேன்னு அஞ்சு பேர் முன்கூட்டியே சொல்லிட்டாங்க, அவங்களுக்குக் கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைஞ்சு உருண்டை. கொஞ்சம் வெனிலா எசென்ஸ். "கேக்கா சுடற?" டேவிட்.

நாளைக்கு: கயிறு, பேண்டேஜ், குடிதண்ணி கேன், பக்கெட் 4, தராசு, குப்பைப் பை, விசில்.

முனிரத்னம்மா போன் பண்ணாங்க. வர வேணாம்னு சொல்லிடுவாங்களோ? "ஏமம்மா, உங்க ஆளுங்களுக்கு மோர் போதுமா, ராகிக் களியும் கிண்டட்டுமா?"

நவ. 16, ஞாயிறு

எழுத உக்காந்துட்டேன். கையெல்லாம் மீன் வாசனை, சோப்பு போட்டும் போகல. டேவிட் அடுத்த ரூம்ல.

ஆறே முக்காலுக்குப் பத்தொம்பது பேர். பைக், ஸ்கூட்டி, ரெண்டு ஆட்டோ. குட்டை மேல பனி ஆவி மாதிரி. பாட்டில் எதுவும் இல்ல. நாகராஜ் சார் தொப்பி அவ்வளவு பெருசு, நெழல்ல ரெண்டு பேர் நிக்கலாம்.

கயிறு கட்டி, விதி சொல்லி, ஏழரைக்கு எல்லாத் தக்கையும் தண்ணில. பத்தொம்பது கலர்ல பத்தொம்பது செருப்புத் துண்டு. அழகு!

எட்டு மணி. ஒண்ணும் இல்ல.

எட்டரை. ஒண்ணும் இல்ல. பேக்கிங் சவிதா போன எடுத்துட்டா. ஒருத்தர் கொட்டாவி. "குட்டைல மீன் இருக்குதுங்களா?" இத்தனை பேர விடியக்காலைல எழுப்பி இழுத்துட்டு வந்து கரைல உக்கார வெச்சிருக்கேன்.

அப்பதான் உறைச்சுது. ராத்திரியெல்லாம் குளிரு, மீனு கீழ கெடக்கும். நான் வெயில் நாள் கணக்குல தக்கைய ஒரு ஜான்லயே கட்ட வெச்சிருக்கேன்! விசில ஊதினேன். "எல்லாரும் எடுங்க! தக்கைய மூணு ஜான் மேல தள்ளுங்க!" ஓடி ஓடி ஒவ்வொண்ணாத் தள்ளினேன்.

ஒன்பதே கால். நாகராஜ் சார் தக்கை முங்குச்சு. முங்கி எந்திரிக்கல.

"பந்து! பந்து! மீனு பந்து!" வந்துச்சு வந்துச்சுன்னு கன்னடத்துல கத்தறார். சுண்டினதுல மீனு பறந்து வந்து புல்லுல விழுந்துச்சு. அரைக் கிலோ ஜிலேபி. தொப்பி தண்ணில. யாரும் தொப்பியப் பாக்கல. எல்லாரும் கை தட்டறாங்க, சார் மீனக் கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம அதையே பாத்துட்டு நிக்கறார்.

அதுக்கப்புறம் நான் உக்காரவே இல்ல. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. சவிதாவுக்கு ரெண்டு. புழு தொட மாட்டேன்னவங்க ஒன்பதரைக்குப் புழு கேட்டு சண்டை. முனிரத்னம்மா மோர்ச் சொம்பக் கீழ வெச்சுட்டு, "அதி சூடு, அதி சூடு, முங்குது பாரு!"ன்னு கரையோரமா ஓடறாங்க. 'சூடு'ன்னா தெலுங்குல 'பாரு'. பின்ன, அவங்க மீனு.

பத்து மணி இருக்கும். ஆட்டோ ஒண்ணு. கனகா இறங்கினா.

மரத்துல சாத்தி வெச்சிருந்த குச்சிய அவளே தேடி எடுத்தா. பேரப் பாத்தா. "மாவு உருண்டை இருக்கா?" ஆறு மாசத்துல முதல் வார்த்தை. மாவு உருண்டை.

கூட்டத்தவிட்டுத் தள்ளி, கல்லு பக்கத்துல உக்காந்தா. மாவு எப்படி வெக்கறதுன்னு காட்டினேன், முள்ளு நுனி மறையற மாதிரி. காட்டிட்டு எந்திரிக்கப் போனேன். "இருங்கக்கா."

இருந்தேன். ரெண்டு பேரும் தக்கையவே பாத்துட்டு இருந்தோம்.

"வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். எல்லாரும் பாவம் பாவம்னு மூஞ்சியப் பாப்பாகளேன்னு. இங்க ஒருத்தரும் என்னையப் பாக்கல. எல்லாருக்கும் அவங்கவங்க தக்கைதான்."

நான் சொன்னேன். ஒத்திகை பாத்து வெச்சது ஒண்ணும் வரல. "ஆஸ்பத்திரில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்ததுன்னு. அதுவே ஒண்ணுதானே, அதுக்கு ஏது அடுத்தது. மன்னிச்சுக்கோ."

"எல்லாரும் அதத்தான் சொன்னாக. டாக்டர், எங்க அத்தை, பக்கத்து பெட்டு. அவுக சொன்னது காதோட போச்சு." குச்சியக் கை மாத்திப் பிடிச்சு, "நீங்களும் சொன்னதுதான் தாங்க முடியல."

கையில மிச்சமிருந்த மாவ உருட்டிக்கிட்டே இருந்தேன்.

"அக்கா. தக்கை எங்க?"

காணோம். குச்சி வில்லு மாதிரி வளையுது. "இழு! இல்ல, இழுக்காத! விடு! ஐயோ, பிடி!" இத்தனை பேருக்குப் பொறுமையாக் கத்துக் குடுத்தவ நான். கனகா ரெண்டு காலையும் சேத்துல ஊன்றி, பல்லக் கடிச்சு நிக்கறா. மீனு வலது பக்கம் ஓடுது, இவளும் வலது பக்கம். நரம்பு தெறிக்கப் போகுதுன்னே நெனச்சேன். நாகராஜ் சார் செருப்போட தண்ணில இறங்கி பக்கெட்டாலயே அள்ளிட்டார்.

ரோகு. தராசுல ஒண்ணே முக்கால் கிலோ. இன்னிக்குப் பிடிச்சதுல அதுதான் பெருசு.

கனகா சிரிக்கறா, மூக்கு ஒழுகுது, சேறு தாடை வரைக்கும். யாரோ கேட்டாங்க, "விட்டுடலாமா?"

"விடுறதா? நல்லாருக்கே! குழம்பு வைக்கப் போறேன்."

மொத்தம் முப்பத்தொண்ணு. சின்னது பதினெட்டு திரும்பத் தண்ணிக்கு. ராகிக் களி, கீரைக் குழம்பு, புல்லுல உக்காந்து சாப்பாடு. ரோஜா ஒண்ணுகூடக் குறையல. முனிரத்னம்மா "நானே எண்ணிப் பாத்துட்டேன்"ன்னாங்க, சொல்லிட்டு வாசல்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு வெட்டிக் குடுத்தாங்க. நாகராஜ் சாரும் கை நீட்டினார். குடுத்தாங்க.

கால் வலி. சந்தோஷத்துல பசிக்கல.

நவ. 17, திங்கள்

மறுபடி பனி.

கேன்டீன் பூரா மீன் பேச்சு. சார் பிடிச்ச ஜிலேபி காலை டீக்கு அரைக் கிலோ, சாப்பாட்டுக்கு முக்கால் கிலோ ஆயிடுச்சு. போர்டுல யாரோ புதுப் பேப்பர் ஒட்டி இருபத்தாறு பேர் எழுதியிருக்காங்க, நான் தேதியே சொல்லல.

சாயந்தரம் பஸ்ல சீட் கெடச்சுது. கனகா பக்கத்துல வந்து உக்காந்தா. குழம்புல புளி கொஞ்சம் தூக்கலாம். அவ வீட்டுக்காரர் மூணு தடவை போட்டுக்கிட்டாராம். அப்புறம் ஜன்னலப் பாத்துக்கிட்டே,

"அக்கா, பொம்பளப் பிள்ளை. பேரெல்லாம் பாத்து வச்சிருந்தோம். என்ன பேருன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

கேட்டேன்.

சொன்னா. நல்ல பேரு. இங்க எழுத மாட்டேன்.