விருந்தாளிகள் பட்டியலில் என் பெயர்

ஜனவரி 11, வியாழன்

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அலுவலகத்தில் இரண்டு கூட்டம், இரண்டிலும் ஒரே பேச்சு.

சாப்பிடும்போது அப்தியேல் திடீரென்று சொன்னான்: "இந்த லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகல. தலைநகரத்துல மூணு நாள், அப்புறம் காட்டுக்குள்ள நாலு நாள். குரங்கு, கழுகு, முதலை எல்லாம். எல்லாமே முதல் தரம்."

மகள் இக்ஸேலா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து குதித்தாள். பதிமூன்று வயதாகிறது, இந்த டாவிட் ஊரைத் தாண்டி ஒரு நகரத்தையும் பார்த்ததில்லை. பனாமா நகரத்தின் உயரமான கட்டடங்களைத் தொலைக்காட்சியில் காட்டினாலே வாயைப் பிளப்பாள்.

நான் குதிக்கவில்லை. என் கணவன் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்று வண்டியை நியூட்ரலில் விடுகிற மனிதன். பதினாறு வருடமாக எங்கள் விடுமுறை என்றால் அவனுடைய அண்ணன் வீட்டுக் கொல்லையும் ஊஞ்சல் படுக்கையும்தான்.

"எப்படி?" என்றேன்.

"ஒரு வாடிக்கையாளர். ஏசி போட்டுக் கொடுத்தேன்ல, பாதி விலைக்குத் தர்றார்."

"எந்த விடுதி?"

"அது சஸ்பென்ஸ்."

ஜனவரி 12

பாதி விலை என்றால் முழு விலை எவ்வளவு என்று கேட்டேன். குளிக்கப் போய்விட்டான்.

ஜனவரி 19, வெள்ளி

புதுக் கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. தாரியென் காட்டில் விடுதியை விரிவாக்க அனுமதி கேட்கிறது பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனி. எண்பது அறை, சின்ன விமான ஓடுதளம். ஒரு மாகாணத்துக் கோப்பை வேறு மாகாணத்து ஆள் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சுற்றுச்சூழல் துறையின் வழக்கம், அதனால் என்னிடம். கட்டப் போகிற இடத்தில் எந்தப் பறவை, எந்த விலங்கு குடியிருக்கிறது என்று எழுதுவதுதான் என் வேலை. கம்பெனி கொடுத்த அறிக்கை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. 'இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் ஹார்ப்பி கழுகின் கூடு எதுவும் இல்லை.' இருந்தால் அனுமதி கிடையாது. வரைபடத்தில் ஆறு தூண்டில் முள்போல் வளைந்து, வளைவுக்குள் ஒரு மணல் தீவு. நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று குறிப்பு வைத்தேன். லீவு முடிந்து போகலாம் என்றார் மேலதிகாரி ஒதிலியோ.

வீட்டில் அப்தியேல், "ஆபீஸ்ல என்ன வேலை இப்ப? நெறைய கோப்பா?" என்றான். ஐந்தாறு வருடமாக என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன்.

புதுச் சட்டை மூன்று வாங்கியிருக்கிறான். கைப்பேசியைக் கவிழ்த்தே வைக்கிறான். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

ஜனவரி 27, சனி. பனாமா நகரம்

முப்பத்தோராவது மாடி. எங்கள் வீடு முழுக்க இந்தக் குளியலறைக்குள் அடங்கிவிடும். இக்ஸேலா தொட்டிக்குள் இருந்தபடியே கத்தினாள்: "அம்மா! இங்கேருந்தே கப்பல் தெரியுது! பதினெட்டு கப்பல், கால்வாய்க்கு வரிசையில நிக்குது!"

அவளுடைய சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் கீழே வரவேற்பில் இருந்த பெண் — அழகான பெண் — "வாங்க சார், மறுபடியும் பார்த்ததுல சந்தோஷம்" என்றாள். மறுபடியும்!

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க, யாமி" என்றான். எனக்குப் பின்னால் வந்தவருக்கு அவள் அப்படிச் சொல்லவில்லை. நின்று கேட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

மதியம் மீன் சந்தைக்குப் போய்க் கோப்பையில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் வாங்கி நின்றபடி சாப்பிட்டோம். நாற்பத்து நாலு வயதில் முதல்முறையாகக் கடற்கரைச் சாலையில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதுவே எனக்கு உறுத்தியது. தப்பு செய்கிற கை இப்படித்தான் இறுக்கமாகப் பிடிக்குமோ?

அவன் ஐஸ் வாங்கப் போனபோது கைப்பேசி பெஞ்சில் இருந்தது. ஒளிர்ந்தது. பெயர் இல்லை, 'எம்' என்று ஓர் எழுத்து மட்டும்.

'அவங்களுக்குப் பிடிச்சிருக்கா? ஏதாவது கேட்டாங்களா?'

எம். அவனுடைய ஏசி கடையில் முன்பு கணக்கெழுதிய மாரிலூஸ்? கீழே வரவேற்பில் இருப்பவள்? என்னைப் பற்றி அவளுக்கு என்ன அக்கறை? மனைவியைச் சமாதானப்படுத்த ஊர் சுற்றிக் காட்டு என்று அவளே யோசனை சொல்லிக் கொடுத்தாளா? நான் ஏதாவது கேட்டேனா என்று விசாரிப்பு வேறு!

திரும்பி வந்தவன், "உனக்குப் பிடிச்ச புளி ஐஸ்" என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், அதையும் நம்பித் தொலைப்பேன்.

ஜனவரி 30, செவ்வாய். தாரியென்

குட்டி விமானம், பிறகு ஒன்றரை மணி நேரம் படகு. தாரியென் என்று விமானம் கிளம்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோப்பின் ஞாபகம் ஒரு நொடி வந்தது. தாரியென் பெரிய மாகாணம் என்று நானே சொல்லிக்கொண்டேன். என் சந்தேகம் முழுக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

விடுதி அழகு. சொல்லாமல் இருக்க முடியாது. மரத்தின்மேல் மரத்தாலேயே கட்டிய அறைகள். கையால் தொடுகிற தூரத்தில் பெரிய அலகு டூக்கான் பறவை. ஊளைக் குரங்குகள் கத்த ஆரம்பித்ததும் இக்ஸேலா பயந்து என் மடியில் ஏறிவிட்டாள், பிறகு தானே கத்திப் பார்த்தாள். அவை பதிலுக்குக் கத்தின.

படகுத் துறையில் விடுதி மேலாளர் வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று தலை. "வாங்க வாங்க, லிசென்சியாதா!"

லிசென்சியாதா. பட்டம் படித்துப் பதவியில் இருக்கிற பெண்ணை அழைக்கிற சொல். நான் பழைய தொப்பியும் ரப்பர் செருப்புமாக இறங்கினேன். பட்டியலில் 'திருமதி' என்றுதான் அப்தியேல் எழுதியிருப்பான். என் படிப்பு இவருக்கு எப்படித் தெரியும்?

அவர் பெயர் மாக்சிமினோ. எம்.

பெண் இல்லை! நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜனவரி 31, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் அப்தியேல் மாக்சிமினோவோடு பேசிக்கொண்டு துறையிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் இக்ஸேலாவும் வழிகாட்டியோடு நடக்கப் போனோம். எலோதியா, இந்தக் காட்டின் பூர்வகுடியான எம்பெரா இனத்துப் பெண், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். பேச்சு குறைவு, கண் கூர்மை. மேட்டில் ஏறியதும் கீழே ஆறு தெரிந்தது. தூண்டில் முள்போல் வளைவு. உள்ளே மணல் தீவு.

என் மேசைமேல் இருக்கிற வரைபடம்.

அங்கிருந்து ஒரு பாதை பிரிந்தது. குறுக்கே புதுக் கயிறு.

"இது ஏன் மூடியிருக்கு?"

"மரம் விழுமாம்" என்றாள் எலோதியா.

"விழுமா?"

"என் தாத்தாவோட தாத்தா காலத்துலருந்து நிக்குது. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் விழப் போகுதாம்."

"நான் வர்றதுக்கும் மரத்துக்கும் என்ன?"

திரும்பி என்னைப் பார்த்தாள். "விளையாடாதீங்க, லிசென்சியாதா. சமையல்காரம்மாலேருந்து படகுக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். கையெழுத்துப் போடுற அம்மா குடும்பத்தோட வர்றாங்க, நல்லா கவனிங்கன்னு எங்களுக்கு ரெண்டு தடவ கூட்டம் போட்டுச் சொன்னாங்க."

என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. "ஐயோ... உங்களுக்கே தெரியாதா?"

எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தவிர.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு, எலோதியா?"

"சொன்னா எனக்கு வேலை போயிடும். வீட்டுல நாலு பேர் சாப்பிடணும். நான் இங்கேயே உக்காந்து செருப்புல சேறு தட்டுறேன். கயிறு கட்டினது நான் இல்ல, தாண்டினத பார்த்ததும் நான் இல்ல."

தாண்டினேன். இக்ஸேலாவும் பின்னாலேயே வந்தாள். ஐந்நூறு அடிகூட இருக்காது. பெரிய குய்ப்போ மரம், அடி பருத்து வழவழவென்று. நிமிர்ந்தால் கிளைப் பிரிவில் கட்டில் அகலத்துக்குக் கூடு. அதன் விளிம்பில் வெள்ளைத் தலையோடு ஒரு ஹார்ப்பி குஞ்சு, கொண்டையை விரித்துக் குனிந்து எங்களைப் பார்த்தது. மரத்தடியில் குரங்கு எலும்புகள். இருபது வருட வேலையில் மூன்றே கூடுதான் நேரில் பார்த்திருக்கிறேன், இது நாலாவது. அந்த விடுதியில் எதைக் கொடுத்திருந்தாலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. இப்படி ஒரு கூடே இல்லை என்றுதான் கம்பெனி அறிக்கை சொல்கிறது.

"நம்ம நாட்டுச் சின்னத்துல இருக்கிற கழுகும்மா!" என்றாள் இக்ஸேலா. படம் எடுத்தாள். எடுக்க விட்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

காலையில் இக்ஸேலாவைப் படகுக்காரரின் மனைவியோடு மீன் பிடிக்க அனுப்பிவிட்டு அப்தியேலைப் படகுத் துறையில் உட்கார வைத்தேன்.

"இந்த லீவு யார் குடுத்தது?"

"சொன்னேனே, வாடிக்கை—"

"அப்தியேல்."

ஆற்றையே பார்த்தான். "புதுக் கட்டடத்துல எண்பது அறை. எண்பது ஏசி. மூணு வருஷத்துக்குப் பராமரிப்பு. அந்த வேலை எனக்குத் தர்றாங்க. கோப்பு உன்கிட்டதான் வரும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், நவம்பர்ல என்னைக் கூப்பிட்டு நாம தங்கின அந்த ஓட்டல்ல வச்சுப் பேசினாங்க. கடையில நாலு பேர் இருக்காங்க யாமி, ரெண்டு மாசமா அவங்களுக்கு வேலையே இல்ல."

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீ பொய் எழுத வேண்டாம். அவங்க அறிக்கை இருக்குல்ல, அதையே... நேர்ல வந்து பார்த்தேன், சரியா இருக்குன்னு. நல்லா தங்கிப் பார்த்தா உனக்கே மனசு இளகும்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவே."

"மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சேதான் செஞ்சியா? என்னைக் கட்டி இழுத்துட்டு வந்து இங்க உக்கார வச்சு, நானும் தெரியாம தின்னு, உன் பொண்ணு குளிச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு வாயத் தொறக்க முடியாதுன்னு — அதானே கணக்கு? எனக்குத்தான்டா வலை! நான் என்னடான்னா எவளோ ஒருத்திய தேடிட்டு இருந்தேன்!"

அவன் நிமிர்ந்தான். உண்மையாகவே அதிர்ந்திருந்தான். "வேற பொண்ணா? நானா? சீ, யாமி."

அது மட்டும் அவனுக்கு அவமானமாக இருந்தது!

வேறு ஒருத்தி இருந்திருந்தால் அழத் தெரிந்திருக்கும். இதற்கு எப்படி அழுவது?

பிப்ரவரி 2

நாளைக்குத்தான் விமானம். இவர்கள் சோற்றைத் தொடக்கூடாது என்று இருந்தேன். மதியம் பசித்தது, சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இரண்டு வழி இருந்தது. தெரியாததுபோல் இருந்துவிட்டு, கூடு இருக்கிறது என்று எழுதி அனுமதியைத் தடுக்கலாம். அப்தியேல் நேற்று கெஞ்சியதும் அதைத்தான்: "வேணாம்னே எழுது, ஆனா என்னை இழுக்காத." ஆனால் அவர்கள் செலவில் தங்கியவள் எழுதிய கருத்தை அவர்களே ஒரு நாளில் கிழித்துவிடுவார்கள். அந்த மரத்துக்கு என் கையெழுத்தால் இனிப் பிரயோஜனமில்லை. அதை எப்போதோ அழுக்காக்கிவிட்டார்கள்.

அதனால் இரண்டாவது வழி: நடந்ததையெல்லாம் ஏழு பக்கம் எழுதினேன். ஓட்டல், விமானம், படகு, அறை, சாப்பிட்டது வரைக்கும். கணவன் பெயர். மாக்சிமினோவின் பெயர். எலோதியாவின் பெயர் மட்டும் இல்லை. கயிற்றை நானாகத் தாண்டினேன் என்று எழுதினேன். இக்ஸேலா எடுத்த படத்தை இணைத்தேன்.

ஒதிலியோ இரண்டு முறை படித்தார். "யாமிலெத், இதைக் குடுத்தா முதல்ல விசாரணை உன் மேலதான் வரும்."

"தெரியும்."

"வீட்டுல?"

"அதுவும்தான்."

பிப்ரவரி 7

கோப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம்.

பிப்ரவரி 10, சனி

அப்தியேல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். புதுச் சட்டைகளை எடுத்துப் போகவில்லை.

இக்ஸேலா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள்: "நீ அப்பாவ மாட்டி விட்டுட்டே! என் படத்த வச்சு!"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பிப்ரவரி 24, சனி

தினமும் தபாலை இரண்டு தடவை பார்க்கிறேன். தெருவில் யாராவது வண்டியை நிறுத்தினால் திரைக்குப் பின்னால் போய் நிற்கிறேன். ஒதிலியோ நல்லவரா? நான் எழுதிய ஏழு பக்கத்தை உண்மையிலேயே மேலே அனுப்பினாரா? பக்கத்து வீட்டுக்காரி ஏன் திடீரென்று மரவள்ளி வறுத்துக் கொண்டுவந்து தந்தாள்? யாரையும் நம்ப முடியவில்லை. எந்தப் பலகாரத்துக்குள் என்ன இருக்கிறதோ? இப்படியே ஆகிவிடுவேனா?

மார்ச் 7, வியாழன்

வேறு மாகாணத்திலிருந்து இரண்டு பேர் தாரியென் போய் வந்திருக்கிறார்கள். கூடு பதிவாகிவிட்டது. அனுமதி நிறுத்தி வைப்பு. ஒதிலியோதான் தொலைபேசியில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "உன் புருஷன் போன வாரம் தானா வந்து வாக்குமூலம் குடுத்தார். யாரும் கூப்பிடல. நவம்பர் கூட்டம், யார் யார் இருந்தாங்க, எல்லாம். உனக்கு எதுவும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

"குடுக்கச் சொன்னது யார்? வக்கீலா?"

"யாமிலெத்" என்றார் ஒதிலியோ, களைத்த குரலில். "யாரும் இல்ல."

மார்ச் 11, திங்கள்

பள்ளி திறப்பு. இக்ஸேலா சீருடையில் அரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள். என்னோடு நடந்து வந்தாள். பேசவில்லை, ஆனால் பையை என்னிடம் கொடுத்தாள்.

மார்ச் 23, சனி

விசாரணை முடிவு வந்தது. எழுத்தில் ஒரு கண்டிப்பு, திங்கள்முதல் வேலைக்குப் போகலாம்.

மதியம் அப்தியேல் வந்தான், இக்ஸேலாவைப் பார்க்க. வாசலிலேயே நின்றான். கடையை மூடிவிட்டானாம். நாலு பேரில் இரண்டு பேருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டானாம். இப்போது இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குப் போகிறான். "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றேன்.

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் கோழியை வெட்டிப் போட்டுக் கிழங்கு சீவ ஆரம்பித்தேன். புதுக் கடை முதலாளியைப் பற்றி, பேருந்தில் பார்த்த சண்டையைப் பற்றி, அண்ணன் வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றி, எதையெதையோ பேசிக்கொண்டே இருந்தான். இக்ஸேலா வந்து கதவில் சாய்ந்து நாய்க்குட்டி எத்தனை என்று கேட்டாள்.

எந்த முதலாளி, எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. சூப் கொதித்து, மூடியைத் திறந்து உப்புப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன்.