ஈரலில் வைத்த சூடு

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே வெயில் உறைக்கிறது. துளி காற்று இல்லை.

காமாலைக்காக நான் கையில் சூடு போட்டுக்கொண்டதாகத் திருநகரில் பேச்சு. தவறு. எனக்குக் காமாலை வந்ததே இல்லை. நாட்டு வைத்தியர் எவரிடமும் கையை நீட்டியதும் இல்லை. நடந்தது: போன மாதம், ஆஸ்பத்திரியில், மயக்கம் கொடுத்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் ஊசியை விட்டு, ஈரலில் இருந்த கட்டியை மைக்ரோவேவ் சூட்டால் பொசுக்கினார்கள். மறுநாள் வீடு. தழும்பு ஒரு மிளகு அளவு.

பேச்சைக் கிளப்பியது மருமகள் ஸ்டெல்லா. ஞாயிறு பூசை முடிந்து விசாரித்தவர்களிடம், "அத்தைக்கு ஈரல்ல சின்னக் கொழுப்புக் கட்டி, சூடு வச்சுக் கரைச்சாச்சு" என்றாளாம். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். இவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறாள். பிள்ளைகள் பாவம்.

வேலைக்கு வரும் பேச்சியம்மாள் என் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கையிலம்மா வச்சாக? காணோமே. எங்க மாமாவுக்கு இம்புட்டுப் பெருசாப் போட்டாக."

"உள்ள வச்சாங்க."

"உள்ளயா? உள்ள எரியாதாம்மா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. எரிந்தது. கட்டி ஈரலில், வலி வலது தோளில், நான்கு நாள். வாயு என்றான் மகன் அருள்.

கொழுப்புக் கட்டிக்கு இத்தனை ஏற்பாடா? நாளை மறுபடி ஸ்கேன் எதற்கு? சம்மதப் படிவத்தில் கையெழுத்து அருளுடையது. எனக்குக் கை நடுங்குகிறதாம். இந்த எழுத்து நடுங்குகிறதா?

ஜூன் 4, புதன்

எடுத்துப்போக: பழைய ஃபைல், ஆதார், சால்வை (ஏ.சி.), தண்ணீர், ஜெபமாலை, கண்ணாடி. கண்ணாடியை ஸ்டெல்லா மறந்தாள். மறந்தாளா?

ஆஸ்பத்திரி போகிற வழியில் நெரிசல், பழங்காநத்தம் தாண்டவே அரைமணி.

ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு அருள் வயதுகூட இல்லை. என்னிடம், "என்ன பாட்டி, சாப்பிட்டீங்களா? சூப்பரா இருக்கீங்க." உடனே அருள் பக்கம் திரும்பி ஆங்கிலம். நரைமுடி, நூல்புடவை; ஆகவே ஆங்கிலம் வராது. கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் படித்தவள் நான். அவர் பேச்சில் மூன்று பிழை. பொருள் மட்டும் தெளிவு.

புற்று. பெரும்பகுதி வெந்துவிட்டது. ஓரத்தில், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி, கொஞ்சம் மிச்சம், உயிரோடு. ஓடுகிற ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடுமாம். இன்னொரு முறை ஊசி. நோயாளிக்குச் சொல்ல வேண்டாம்.

நோயாளி ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் கரைஞ்சிருச்சு பாட்டி. சின்னதா ஒரு டச்சப், அவ்வளவுதான்."

ஆங்கிலத்தில் நன்றி சொல்லி எழுந்தேன், முழு வாக்கியமாக. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அருள் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், இளநீர் வேண்டுமா என்றான். வேண்டாம்.

ஜூன் 5, வியாழன்

மதியச் சாப்பாட்டில் அருளிடம் கேட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"புற்றுன்னு ஏன் சொல்லல?"

"பயந்துருவீங்கன்னுதாம்மா."

"நான் எப்ப பயந்தேன்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "அப்பாவுக்குப் புற்று வந்தப்ப நீங்கதானம்மா அல்சர்னு சொன்னீங்க. எங்களையும் சொல்ல வச்சீங்க."

உள்ளிருந்து ஸ்டெல்லா: "விடுங்க. அத்தைய ஏன் இப்ப..."

அவள் எனக்குப் பரிந்து பேசுகிறாள். அதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுந்துவிட்டேன். மோர் குடிக்கவில்லை.

அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "அல்சர்தானே, லில்லி?" நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. நுரை வழியும்வரை ஆற்றினேன்.

நான் செய்தது தவறு. எழுதி வைக்கிறேன். அதனால் இவர்கள் செய்வது சரியாகிவிடாது.

ஜூன் 6, வெள்ளி

நாலு துளி தூறல். புழுதி வாசம் மட்டும்.

"அத்தே, திங்கக்கிழமை அட்மிஷன். நைட்டி எடுத்து வச்சிட்டேன்."

"நான் வாரேன்னு சொன்னேனா?"

நைட்டியை நானே மடித்துப் பீரோவில் வைத்தேன். ஸ்டெல்லா மடித்தது கோணல்.

டாக்டருக்கு எழுதியது, நகல். (பேச்சியம்மாள் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அருள் வேண்டாம்.)

ஐயா,

என் ஈரலில் இருப்பது கொழுப்பு அல்ல என்பது எனக்குத் தெரியும். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதை முழுவதும் கேட்டேன். நான் உங்கள் பாட்டியும் அல்ல. இனிமேல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நான் மட்டுமே. போடுவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது: அந்த ரத்தக்குழாயை ஒட்டி மறுபடி சூடு வைத்தால், மிச்சம் இந்த முறையாவது முழுதும் வேகுமா? வைக்காமல் விட்டால் எனக்கு எவ்வளவு காலம்? வைப்பதா, விடுவதா என்பதை அதன்பின் நான் முடிவு செய்வேன். வாய்மொழியாக என் மகனிடம் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும். உறையின் மேல் என் பெயர் இருக்கட்டும்.