தம்பிக்கு இன்னும் தெரியாது

என் அன்பு அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. அவளைத் தூங்கவைப்பதற்குள் தெருவே அடங்கிவிட்டது. பகலில் எழுதலாமென்றால் சித்தப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

கார்த்திக்கு இன்னும் தெரியாது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகனிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடிதான் செய்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிகிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு. ட்ரெய்னிங்க விட்டுட்டு ஓடியாந்துருவான். பாதியில வந்தா வீட்டுக்கே அனுப்பிப்போடுவாங்க" என்றீர்கள். சத்தியம் செய் என்றீர்கள். மூச்சுக்குத் திணறும் மனிதரிடம் என்ன வாதாடுவது? செய்தேன். கிரானைட் அறுத்த தூசியெல்லாம் நெஞ்சில் ஏறிய பிறகும் உங்கள் பயம் உங்களைப் பற்றியதாக இல்லை. அவன் போடப்போகும் ராணுவ உடுப்பைப் பற்றித்தான்.

கொள்ளி வைத்தது சித்தப்பா. பெற்ற மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இதென்ன கூத்து என்று ஹனூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என் காதுபடப் பேசினார்கள். கார்த்தியின் தலையை ராணுவத்தில் சேர்ந்த அன்றே மழித்துவிட்டார்கள். அப்பனுக்கென்று மழிக்கத்தான் அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அங்கே எல்லார் போனையும் வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சற்று நேரம் கையில் தருவார்கள். ஒரு ஞாயிறு அப்பா தூங்குகிறார் என்றேன். இன்னொரு ஞாயிறு மேல்கோட்டைக் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். அப்புறம் தொண்டையில் புண், டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார். போன வாரம் அவன் விடவில்லை.

"அக்கா, ஊட்டா ஆய்த்தா, சாப்ட்டியா? இங்க தினமும் பருப்புதான். கனவுலயும் பருப்பு வருது. அப்பாகிட்ட குடு."

"பேசக் கூடாதுடா."

"பேச வேண்டாம். ஒருக்கா இருமச் சொல்லு, போதும். பின்னால லைன்ல நிக்கறானுங்க, சீக்கிரம், பேக பேக!"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா போனை வாங்கி இருமினார். அச்சு அசலாக இருமினார்.

கார்த்தி சிரித்தான். "என்னப்பா, மாத்திரையப் போடறியா, தலகாணிக்கடியில ஒளிக்கறியா? ட்ரெய்னிங் முடிஞ்சு உறுதிமொழி எடுக்கற கசம் பரேடுக்கு நீ கண்டிப்பா வரணும். அப்பன்மாரக் கூப்பிட்டு மெடல் குத்துவாங்களாம். அந்தப் பிஞ்ச செருப்போட வந்து மானத்த வாங்கிராதே" என்றான்.

போன் நின்றதும் சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "வேற என்னம்மா பண்ணச் சொல்றே?" என்றார்.

மறுநாள், அவசரத்துக்கென்று அவன் கொடுத்துப்போன எண்ணில் பயிற்சி மையத்துக்குப் பேசினேன். பயிற்சியில் இருக்கும் பையனின் அப்பா இறந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"உடனே லீவு கொடுத்து அனுப்புவோம். காரியம் முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வான். இதற்கெல்லாம் யாரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள், தங்கச்சி" என்றார் போனை எடுத்தவர். பிறகு, "எந்தப் பையன்?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு யார் சொன்னது அப்பா? டீக்கடையில் எவனோ அளந்ததை நம்பியா மகனைத் தூரத்திலேயே நிறுத்தினீர்கள்? பட்டம் வாங்கிய எனக்கு இந்த ஒரு போனை முன்பே போடத் தோன்றவில்லையே, அது ஏன்? உங்கள் மேல் கோபப்பட்டால் அடுத்த நிமிடமே அது என் மேல் திரும்பிவிடுகிறது.

"பரேடு முடியட்டும், நான் நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்" என்கிறார் சித்தப்பா. கூட்டத்தில் உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு வருகிறவனிடமா?

என்னால் முடியாது. சத்தியத்தை உடைக்கப்போகிறேன். ஞாயிறு காலை அந்தப் பயிற்சி மையத்துக்கே முதலில் சொல்லி, அவன் பக்கத்தில் யாரையாவது நிற்கச் சொல்வேன். பிறகு அவன் போன் வந்ததும் நானே சொல்வேன், சித்தப்பா வாயால் அல்ல. அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இனி ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் என் வாயால்தான் அவன் கேட்க வேண்டும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

வேண்டாமென்றால் ஞாயிற்றுக்குள் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அப்பா.

உங்கள் மகள்,
கார்த்தியின் அக்கா,
செல்வி