உன் குரலில் நான் பேசிய மூன்று மாதம்

என் செல்வா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. என் நலத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன். டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறேன். "கை இப்டி ஆடுது, போயி சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வா" என்று மேகலா தினமும் கத்துகிறாள். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல முடியாத பயம் இது. உன்னிடம்தான் சொல்ல முடியும். அதற்கு நீ இல்லை.

போன வாரம் உன் கடைசிப் பட டைரக்டர் போன் செய்தார். பஸ் கண்டக்டர் வேஷத்தில் நீ அழ வைத்துவிட்டாயாம். ஸ்டாண்டப் காமெடி பண்ணிக்கொண்டிருந்தவனா இது என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்களாம். ஆனால் பாதிப் படத்துக்குத்தான் நீ டப்பிங் பேசியிருக்கிறாய். மீதிப் பாதியில் உன் வாய் அசைகிறது, பஸ் இரைச்சல்தான் கேட்கிறது. "செல்வா குரல் உங்களுக்குத்தான் வரும்னு அவரே சொல்லியிருக்காரு சார். திங்கட்கிழமை சென்னை வந்துடுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உன் அப்பா ஞாபகம் வந்தது. அப்படியே என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். நாளைக்கு இது வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நமக்கு இருபது வயது இருக்கும். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் பலகுரல் நிகழ்ச்சி ஒத்துக்கொண்டோம். காலையிலிருந்து சேமியா ஐஸாகத் தின்று உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வெறும் காற்றுதான் வந்தது. விழாக் கமிட்டிக்காரர்கள் உதைப்பார்கள் என்று பயந்து, நீ மேடையில் செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தாய். நான் படுதாவுக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலில் பேசினேன். முக்கால் மணி நேரம். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குக் கைதட்டல் உனக்கு, டீசல் புகை எனக்கு.

அப்புறம் நான் மூலக்குளத்தில் ரெக்கார்டிங் கடை போட்டேன். ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற தள்ளுபடி விளம்பரக் குரல் எல்லாம் நான் பதிவு செய்து கொடுப்பதுதான். நீ பீச் பக்கம் ஒரு காபிக் கடையில், முப்பது நாற்காலிக்கு முன்னால் நின்று தனியாகப் பேச ஆரம்பித்தாய். முதல் மூன்று வாரம் ஒரு சிரிப்பு இல்லை. நாலாவது வாரம் உன் அப்பாவைப் பற்றிப் பேசினாய்.

"எங்கப்பா மில்லுல தறி ஓட்டுனவரு. காது போச்சு. அவரு முத்தியால்பேட்டையில ரகசியம் பேசுனாருன்னா, பக்கத்து ஊரு கோட்டக்குப்பத்துல இருந்து போன் பண்ணி, 'சரிண்ணே, யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்'ன்னுவாங்க."

காபிக் கடை அதிர்ந்தது. அந்த வீடியோதான் உன்னைத் தூக்கிவிட்டது. ஹீரோவின் நண்பன், வாட்ச்மேன், கல்யாண புரோக்கர் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. இங்கே தெருவில் பிள்ளைகள் உன் அப்பாவை 'ரகசியம் தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்குக் காதுதான் கேட்காது, அவமானம் நன்றாகக் கேட்கும். "பொழைக்க வேற வழியே இல்லியா? பெத்தவன வெச்சா ஊரச் சிரிக்க வெக்கணும்?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார். நீ வாங்கிக் கொடுத்த பிரிட்ஜுக்கு அவர் கரண்டே கொடுக்கவில்லை. உள்ளே பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தார்.

ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு நீ போன் செய்வதை நிறுத்தவில்லை. அவரும் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துக் காதோடு ஒட்டிக்கொள்வார். சாப்டியாப்பா, ம், மழையா, ம். அரை நிமிஷம். இரண்டு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு.

அதற்குள் உன் தொண்டையில் புற்று வந்தது. குரல் போனது. சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பாவுக்குத் தெரியக் கூடாது. ஐதராபாத்ல ஷூட்டிங்னு சொல்லு. ஆறு மணி போன் நிக்கக் கூடாது" என்று நோட்டில் எழுதிக் காட்டினாய். கடையை மேகலா தலையில் கட்டிவிட்டு உன் பக்கத்திலேயே இருந்தேன். நீ எழுதுவாய், நான் உன் போனை எடுத்து, உன் குரலில் அப்படியே சொல்வேன். மூன்று மாதம். வீராம்பட்டினத்தை விட சுலபமாக இருந்தது. அவருக்குத்தான் காது மந்தமாயிற்றே.

ஆபரேஷனுக்கு மறுநாள் நீ கண் விழிக்கவில்லை. ஆறு மணி ஆனது. நோட்டில் எழுத ஆள் இல்லை. போன் வரவில்லை என்றால் அப்பா சந்தேகப்படுவார் என்று நானாகவே கூப்பிட்டேன். செல்வா, அதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்கென்று பார்த்து உன் அப்பா பேசினார்.

"டேய், எதிர் வீட்டுப் பொண்ணு போன்ல உன் வீடியோவப் போட்டுக் காட்டுச்சு. அந்த ரகசியம் ஜோக்கு. எழுத்து ஓடுச்சு கீழ, முழுசாப் பாத்தேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சுடா. உம்மேல ரெண்டு வருஷமா மூஞ்சி காட்டுனது தப்புதான். மனசுல வெச்சுக்காத, என்னா?"

நான் "சரிப்பா" என்றேன். உன் குரலில். உனக்கு வந்த வார்த்தையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த நடுக்கம்தான் இது.

நாலு நாளில் நீ போய்விட்டாய். உன் கழுத்தில் இருந்த பேண்டேஜைப் பார்த்து அப்பா கேட்டதற்கு, "திடீர்னுதாம்பா, நாலு நாள்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். கருமாதிக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நல்லவேள, எம்புள்ளகிட்ட மனசு விட்டுப் பேசிட்டேன். சரிப்பான்னு சொல்லிட்டுதான் போனான்." ஆறு மாதமாக அந்த மனிதர் சோறு தின்பது இந்த ஒரு நினைப்பில்தான்.

இப்போது யோசித்துப் பார். படம் வந்தால் முதல் நாளே தெருவோடு போய்ப் பார்ப்பேன் என்று வேட்டி வாங்கி வைத்திருக்கிறார். தியேட்டர் சத்தத்தில் அவருக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்கும். முதல் பாதியில் நீ பேசுவாய். இரண்டாம் பாதியில், போனில் கேட்ட ஆள் பேசுவான். பெற்றவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகுமா? அத்தனை பேர் நடுவில், இருட்டில், கடைசியாகத் தன்னிடம் பேசியது மகன் இல்லை என்று அவர் தெரிந்துகொண்டால் என்ன ஆவார்? அந்த வயதுக்கு அவர் தாங்குவாரா? டப்பிங் பேச முடியாது என்று மறுத்துவிடலாம் என்றால், வேறு எவனோ உன் வாய்க்குள் பேசுவான். நீ முதல் தடவையாக நடிகனாக நின்ற படம் அது.

இன்று மத்தியானம் முத்தியால்பேட்டைக்குப் போனேன். வாயால் சொல்ல முடியாது, தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். அதனால் உன் நோட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். "என்னாடா இது?" என்றார். "படிங்கப்பா" என்று மட்டும் சைகை காட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். 'முட்டி வலி எப்படி இருக்கு', 'பிரிட்ஜைப் போட்டு வெச்சியாப்பா', 'மாத்திரையை நிறுத்தாதே'. எல்லாம் உன் கோணல் எழுத்து. பாதி நோட்டு தாண்டும்போது அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

"பேசுனது நீ," என்றார்.

தலையாட்டினேன்.

"எழுதுனது அவன்."

அதற்கும் தலையாட்டினேன். அவர் கடைசி எழுத்து இருந்த பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் அந்த ஜோக்கப் பத்திச் சொன்னனே, அது எங்க?"

"அன்னிக்கு அவன் எழுதலப்பா. கண்ணு முழிக்கல." இதைக் கத்தித்தான் சொன்னேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"அப்ப நான் சொன்னது அவனுக்குப் போயிச் சேரலியா?"

செல்வா, உனக்கும் இது தெரியுமோ தெரியாதோ. அன்று ஐசியூவில் இரண்டு நிமிஷம் உள்ளே விட்டார்கள். உன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, உன் அப்பா சொன்ன அத்தனையும், ஒரு எழுத்து விடாமல், அவர் குரலிலேயே சொன்னேன். நர்ஸ் அடிக்க வந்துவிட்டாள். உன் இமை அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா, நான் ஆசைப்பட்டேனா? அதையும் அப்படியே அவரிடம் சொன்னேன். கேட்டிருக்கும் என்று பொய் சொல்ல நினைத்தேன். சொல்ல முடியவில்லை. "தெரியலப்பா" என்றேன்.

அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நோட்டை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டு, "நீ போ. ஆறு மணிக்குப் போன் பண்ணு. அவன மாதிரியே பேசு. ஒரே ஒரு தடவ" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தெருமுனை பரோட்டாக் கடை ஓரத்தில் நின்றேன். ஒரு தடவை பேசினால் நாளைக்கும் கேட்பார், நாளை மறுநாளும் கேட்பார். அப்புறம் அவருக்கு நீ செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை. எனக்கும் நான் யார் என்பது மறந்துபோகும். பேசாவிட்டால், அந்த மனிதர் கேட்ட ஒன்றையும் இல்லை என்றவன் ஆவேன். ஆறு அடித்ததும் கூப்பிட்டேன். எடுத்தார். உன் குரல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"அப்பா, நான் கதிர் பேசறேன்," என்றேன். என் குரலில்.

சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெரியுது," என்றார் உன் அப்பா. "எங்க நிக்கிற? உள்ள வா. ரெண்டு பேருக்குன்னு சோறு வடிச்சிட்டேன்."

போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை டப்பிங்குக்கு அவரும் வருகிறேன் என்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்க, நான் உன் வாய்க்குப் பேச வேண்டும்.

பேசுகிறேன். நீ சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். அந்தப் படத்தோடு உன் குரலை உன்னிடமே விட்டுவிடுகிறேன். இனி எவன் கேட்டாலும், அப்பாவே கேட்டாலும், அதை எடுக்க மாட்டேன். ஆறு மணிக்கு அவருக்குப் போன் வரும். அது நிற்காது. பேசுவது நானாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் நண்பன், உன் அப்பாவுக்கு இன்றிலிருந்து பிள்ளை,
கதிர்