அலுமாரியின் கீழ் லாச்சி

மடவளை,
1932 ஜூலை 9

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். இது உங்கள் தம்பி பளீல் எழுதியதல்ல. தமிழெழுத்துத் தெரியாத நான், குர்ஆன் ஓதப் பழகிய எழுத்திலேயே நம் தமிழை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு றமீஸா காட்டித் தந்தாள்.

இதுவரை வந்த கடிதங்களில் நான் சுகம் என்றுதானே இருந்தது? நான் வாய் திறக்குமுன் மாமி, "வேல செய்ற எடத்துல அவனுக்குக் கவல குடுக்க வாணாம், மகள். சொகம்ண்டு எழுதச் சொல்லுங்க" என்பார். தம்பியும் அப்படியே எழுதுவார். நீங்களும் கொழும்பிலிருந்து 'மெத்தச் சந்தோஷம்' என்று பதில் போடுவீர்கள்.

எனக்கு இப்போது எட்டு மாதம். வயிற்றில் கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சீனித் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பேன். உதைத்த பிறகுதான் மூச்சு வரும். "நல்லத மட்டும் நெனச்சிக்கங்க" என்கிறார் மாமி. நினைக்கத்தான் பார்க்கிறேன்.

போன வருஷம் அலுமாரியின் கீழ் லாச்சியை உள்ளே தள்ளி மூடியவர் நீங்கள். அதற்குள் இருப்பதைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேற்று நானே இழுத்துத் திறந்தேன். நான் தைத்த சின்னத் தொப்பி, நம் முதல் குழந்தை மூன்று நாள் மட்டும் போட்டது, அப்படியே இருக்கிறது. கழுவிக் காயப் போட்டேன்.

நான் சுகமில்லை, மச்சான். இதை எழுதியதால் பயம் போய்விடவில்லை. ஆனால் எழுதியதை அழிக்கவும் இல்லை.

தொப்பி காய்ந்துவிட்டது. திரும்ப லாச்சியில் வைக்க எனக்கு மனமில்லை. பதில் எழுத வேண்டாம். வந்து, கொடியிலிருந்து நீங்களே எடுங்கள்.

இனித் தன் கையாலேயே எழுதப்போகும்
உங்கள் மனைவி