நூற்று முப்பத்துமூன்று ரூபாய் நஷ்டம்

மத்திகிரி,
செப்டம்பர் 28.

லிபியாவின் அப்பாவுக்கு, கர்த்தருக்குள் ஜெபசீலி எழுதிக்கொள்வது. நானும் லிபியாவும் சுகம். விடுப்பு முடிந்து உங்கள் குஜராத் கம்பெனிக்குத் திரும்பும் அண்ணாதுரை அண்ணனிடம் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

வருடத்துக்கு ஒரே தடவையாக ரீசார்ஜ் போடு, அதுதான் மலிவு என்றீர்கள். சபை டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று பிளானிலும் தினம் ஒன்றரை ஜிபிதான். மாதம் என்று சொல்லி இருபத்தெட்டு நாள்தான் தருகிறார்கள், 299 ரூபாய். எண்பத்துநான்கு நாளுக்கு 859. வருடத்துக்கு 3599.

போன தடவை இருபத்தெட்டு நாளில் நாம் செலவழித்தது இருபத்தாறு ஜிபி. லிபியாவின் டியூஷன் பதினான்கு, உங்கள் முகம் பார்த்துப் பேசியது ஆறு, ஜெபக்கூட்டம் இரண்டு. பாஸ்டரைப் படத்தோடு கேட்டால் ஒரு மணிக்கு எழுநூறு எம்பி, படத்தை அணைத்துவிட்டால் அறுபதுதான். ஆசீர்வாதம் இரண்டிலும் ஒன்றுதான்.

மீதி நான்கு ஜிபி தசமபாகம். சிரிக்காதீர்கள். கிடைப்பதில் பத்தில் ஒன்று கொடுப்பவள், இதை மட்டும் எப்படி விடுவேன்? தினம் நூற்றைம்பது எம்பியைப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவுக்கு ஹாட்ஸ்பாட்டில் கொடுக்கிறேன். போன ஞாயிறு அதை அணைக்க மறந்து கோயிலுக்குக் கிளம்பும்வரை சமையலில் இருந்துவிட்டேன். அந்த அம்மாள் ஒரு வாரக் கன்னட சீரியலையும் பார்த்து முடித்திருக்கிறார். அன்றைய ஒன்றரை ஜிபியும் தீர்ந்ததால்தான் நீங்கள் கூப்பிட்டபோது திரையில் வாயைத் திறந்தபடியே நின்றுபோனீர்கள். அப்பா கொட்டாவி விடுகிறார் என்று லிபியா பத்து நிமிடம் காத்திருந்தாள். நஞ்சம்மாவிடம் கேட்டால், "சும்மா சீரியல் நோடிட்டு இருந்தேம்மா, அது இவ்ளோ தின்னும்னு யாருக்குத் தெரியும்" என்கிறார். வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன் என்று நீங்கள் கோபித்ததற்கு இதுதான் பதில்.

நேற்று 3599 ரூபாயோடு கடைக்குப் போனேன். பணத்தை நீட்டியும்விட்டேன். கடைப் பெண் சௌமியா நல்ல மனதோடுதான் சொன்னாள்: "வருசத்துக்கே போட்டுக்குங்கக்கா. அண்ணன் வர்ற வரைக்கும் கவலையில்ல."

கை தானாகத் திரும்பிவிட்டது. எண்பத்துநான்கு நாளுக்குத்தான் போட்டேன். வருடக் கணக்கில் பார்த்தால் நூற்று முப்பத்துமூன்று ரூபாய் நஷ்டம். பதினாறு வருடக் குடித்தனத்தில் தெரிந்தே நான் எழுதிய முதல் நஷ்டம் இது.

அண்ணாதுரை அண்ணனை நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி குடிக்கும்போது அவராகச் சொன்னார், கம்பெனியில் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களாமே. நீங்கள் இன்னும் போடவில்லை என்றும் சொன்னார். மார்ச்சில் மூன்று மாதம் என்று போனீர்கள். அந்த மூன்று மாதம் இரண்டு தடவை முடிந்துவிட்டது.

டிசம்பர் இருபதுக்குள் இந்த ரீசார்ஜ் தீர்ந்துவிடும். மறுபடி போடுவதாக இல்லை. அதன் பிறகு எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூரு வரை ரயில், அங்கிருந்து ஓசூர் பஸ், பிறகு டவுன் பஸ். அந்தச் செலவையும் டைரியில் எழுதி, வருடத்துக்கென்று எடுத்ததில் மிஞ்சிய 2740 ரூபாயை அதற்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடாதீர்கள்.

இத்தனை நாள் கர்த்தர் உங்கள் போக்கைக் காத்தார். இனி உங்கள் வரத்தைக் காக்கும்படி ஜெபித்துக்கொண்டிருக்கும்,

ஜெபசீலி.